யந்திரப் பிழையும் மனிதப் பொறுப்பும்

“யந்திரம் பொய் சொல்லாது” என்ற நம்பிக்கை நம் காலத்தில் ஆழமாக வேரூன்றிவிட்டது. பாங்கிக் கணக்கில் தொகை குறைந்தாலும், ரேஷன் ஜாபிதாவில் ஒருவர் பெயர் காணாமற் போனாலும், முறையிடச் செல்பவருக்குக் கிடைக்கும் பதில் ஒன்றே. “கம்ப்யூட்டர் அப்படித்தான் காட்டுகிறது, நாங்கள் என்ன செய்ய முடியும்?” என்று கூறி உத்தியோகஸ்தர் கையை விரித்துவிடுகிறார். மனிதன் ஒன்றைச் சொன்னால் சாட்சியம் கேட்கிறோம். குறுக்கு விசாரணை செய்கிறோம். யந்திரம் சொன்னால் மட்டும் தலை வணங்கிவிடுகிறோம். இது நியாயந்தானா? யந்திரத்தில் பிழை நேர்ந்தால் அதைக் கண்டுபிடிக்கும் முறை யாது? பொதுக் காரியங்களில் ஈடுபட்டோர் அனைவரும் இதைச் சிந்திப்பது அவசியம் என்று நாம் கருதுகிறோம்.

கம்ப்யூட்டர் என்பது சொன்னதைச் செய்யும் ஏவலாள். ‘இதைக் கூட்டு, அதைக் கழி, இந்நிலை வந்தால் நிறுத்து’ என்று மனிதர்கள் முன்கூட்டி எழுதிவைத்த கட்டளைகளை அது ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றுகிறது. அக்கட்டளைகளின் தொகுதிக்கே மென்பொருள் என்று பெயர். பெரியதொரு மென்பொருளில் லக்ஷக்கணக்கான வரிகள் உண்டு. அவற்றை எழுதுவோர் மனிதர்களாதலின் பிழை நேர்வது இயற்கை. ஆங்கிலத்தில் இப்பிழையைப் பூச்சி எனப் பொருள்படும் ‘பக்’ என்ற சொல்லால் குறிப்பிடுகிறார்கள். யந்திரக் கோளாறுகளுக்கு இப்பெயரை 1878-லேயே எடிஸன் தம் கடிதமொன்றில் வழங்கியிருக்கிறார். 1947-ஆம் வருஷம் செப்டம்பர் 9-ந் தேதி, ஹார்வர்டு ‘மார்க் 2’ என்னும் கணித யந்திரத்தினுள் ஒரு விட்டில் சிக்கியிருக்கக் கண்டவர்கள், அதை எடுத்துக் குறிப்புப் புத்தகத்தில் ஒட்டி, மெய்யாகவே ஒரு பூச்சி அகப்பட்டது இதுவே முதல் தடவை என்று வேடிக்கையாக எழுதிவைத்தனர்.

அந்தப் பூச்சி கண்ணுக்குத் தெரிந்தது. விரலால் எடுத்து அகற்றவும் முடிந்தது. மென்பொருளில் ஒளிந்திருக்கும் பூச்சியோ கண்ணுக்குத் தெரிவதில்லை. அது பல வருஷங்கள் உறங்கிக் கிடந்து, குறிப்பிட்ட ஒரு க்ஷணத்தில் மட்டும் விழித்தெழும். அத்தகைய பூச்சி மனித உயிரையே குடித்த வரலாறு ஒன்றுண்டு. பிழையைத் தேடவேண்டிய நெறியையும், தேடாமற் போனால் விளையும் கேட்டையும் அதைவிடத் தெளிவாக விளக்கும் உதாரணம் கிடைப்பது அரிது.

தேராக் 25

கனடா சர்க்காருக்குச் சொந்தமான அணுசக்திக் கம்பெனியொன்று, புற்றுநோய்க்குக் கிரண சிகிச்சை செய்வதற்காக ‘தேராக் 25’ என்ற யந்திரத்தைச் செய்து விற்றது. கனடாவில் ஆறும், அமெரிக்காவில் ஐந்துமாகப் பதினொரு யந்திரங்கள் அமைக்கப்பட்டன. இந்த யந்திரம் இரண்டு விதமாக வேலை செய்யும். மேலெழுந்த நோய்க்கு எலெக்ட்ரான் கிரணத்தை நேராகச் செலுத்தும். உள்ளே ஆழ்ந்த நோய்க்கு எக்ஸ்ரே கிரணத்தை உண்டாக்கிச் செலுத்தும். எக்ஸ்ரே முறைக்கு ஏறக்குறைய நூறு மடங்கு வலுவான எலெக்ட்ரான் பாய்ச்சல் தேவை. அவ்வலுவைத் தாங்கி மாற்றித் தரும் உலோகப் பகுதிகள், சுழலும் தட்டொன்றில் பொருத்தப்பட்டு, உரிய சமயத்தில் கிரணத்தின் வழியில் வந்து நிற்கும். அவை வராத வேளையில் முழு வலுவும் பாய்ந்தால் நோயாளியின் கதி என்னவாகும் என்பதைக் கூறவேண்டுவதில்லை.

முந்திய மாதிரியாகிய ‘தேராக் 20’ யந்திரத்தில், தட்டு தவறான இடத்தில் நின்றால் கிரணம் பாயாமல் தடுக்கும் தனிப் பூட்டுகள் மின்சார அமைப்பிலேயே இருந்தன. புதிய யந்திரத்தில் அப்பூட்டுகளை நீக்கி, காவற் பொறுப்பை மென்பொருளிடம் ஒப்படைத்தார்கள். அந்த மென்பொருளோ ஒரே மனிதர் பல வருஷங்களாக எழுதி வந்தது. 1983-ல் கம்பெனி நடத்திய அபாயப் பரிசீலனையில் மென்பொருளைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை! யந்திரத்தின் உறுப்புகள் தேயலாம், உடையலாம். கட்டளைகள் தேய்வதில்லை, ஆகவே அவற்றில் அபாயம் இல்லை என்ற நினைப்பே இதற்குக் காரணம். கட்டளைகள் தேய்வதில்லை என்பது வாஸ்தவம். எழுதும்போதே அவை தவறாக எழுதப்பட்டிருக்கலாம் என்பதை மறந்தார்கள்.

“அப்படி நடக்கவே முடியாது”

1985-ஆம் வருஷம் ஜூன் மாதம், ஜார்ஜியா ராஜ்யத்து மாரியெட்டா நகரில் சிகிச்சைக்கு வந்த ஒரு மாது, நெருப்பைக் கொட்டினாற் போல் உணர்ந்ததாகக் கதறினார். ஒரு வேளைச் சிகிச்சைக்கு உரிய அளவு சுமார் 200 ‘ராட்’. அவர் உடலில் பாய்ந்தது 15,000 முதல் 20,000 ராட் வரை இருக்கலாம் என்று பின்னர் மதிப்பிடப்பட்டது. ஆஸ்பத்திரியின் பௌதிக நிபுணர் கம்பெனியாரைக் கேட்டபோது, அவ்விதம் நேர வழியில்லை என்று பதில் வந்தது.

அடுத்த மாதமே கனடாவிலுள்ள ஹாமில்டனில் இரண்டாவது விபத்து. யந்திரம் தானே நின்று, மருந்தளவு ஏதும் செல்லவில்லை என்று காட்டியது. இயக்கியவர் வழக்கப்படி ‘மேலே நடத்து’ என்னும் விசையை மீண்டும் மீண்டும் அழுத்தினார். ஒவ்வொரு தடவையும் ஒன்றும் செல்லவில்லை என்றே யந்திரம் சாதித்தது. நோயாளிக்கோ உடல் வெந்தது. இம்முறை கம்பெனியின் இஞ்சினீயர்கள் வந்து சோதித்தனர். விபத்தைத் திரும்ப நிகழ்த்திப் பார்க்க அவர்களால் இயலவில்லை. எனினும் தட்டின் நிலையை அறிவிக்கும் ஒரு சிறு ஸ்விட்சின்மீது சந்தேகங்கொண்டு அதன் அமைப்பை மாற்றினர். நிச்சயமான காரணம் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டவர்களே, இதனால் யந்திரத்தின் பாதுகாப்பு குறைந்தது லக்ஷம் மடங்கு உயர்ந்துவிட்டதென்றும் அறிவித்தனர்!

காரணம் தெரியாதபோது லக்ஷம் மடங்கு என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? குற்றவாளி இன்னாரென்று தெரியாமலே ஒருவனைப் பிடித்துச் சிறையிலிட்டு, ஊரில் இனிக் களவே நடவாது என்று தண்டோராப் போடுவதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை? உண்மைத் திருடன் வெளியே உலவிக்கொண்டிருந்தான். 1985 டிஸம்பரில் வாஷிங்டன் ராஜ்யத்து யாகிமாவில் மற்றொரு மாதின் உடலில் கோடு கோடாகச் சிவப்பு கண்டது. யந்திரத்தாலோ இயக்கியவராலோ இவ்வாறு நேர்ந்திருக்க முடியாதென்று கம்பெனி 1986 ஜனவரியில் கடிதம் எழுதிவிட்டது.

ஒரு நிபுணரும் ஓர் ஊழியரும்

1986-ஆம் வருஷம் மார்ச்சு 21-ந் தேதி, டெக்ஸாஸ் ராஜ்யத்து டைலர் நகரின் புற்றுநோய் ஆஸ்பத்திரியில், நோயாளி ஒருவருக்கு எலெக்ட்ரான் சிகிச்சை கொடுக்க ஊழியரான ஓர் அம்மையார் விவரங்களைத் தட்டெழுதினார். அனுபவமிக்கவராதலால் வேகமாக எழுதுவார். எலெக்ட்ரானுக்குரிய எழுத்துக்குப் பதிலாக எக்ஸ்ரேக்குரிய எழுத்தைத் தட்டிவிட்டதைக் கவனித்து, பின்னே சென்று அதைத் திருத்தி, மளமளவென்று முடித்துக் கிரணத்தைச் செலுத்தினார். “கோளாறு 54” என்ற செய்தி தோன்றியது. அதன் பொருள் அவருக்குக் கொடுக்கப்பட்ட கையேட்டில் இல்லை. குறைந்த அளவே சென்றதாக யந்திரம் காட்டியபடியால் மீண்டும் செலுத்தினார். உள்ளிருந்த நோயாளி எழுந்தோடி வந்து கதவைத் தட்டினார். சுமார் ஐந்து மாதத்தில் அவர் மரணமடைந்தார்.

கம்பெனியின் இஞ்சினீயர்கள் வந்து ஒரு நாள் முழுதும் சோதித்தனர். கோளாறு 54 தோன்றவில்லை. இத்தகைய விபத்து வேறெங்கும் நிகழ்ந்ததாகத் தங்களுக்குத் தெரியாதென்றனர். மின்சார அதிர்ச்சியாக இருக்கலாம் என்ற யோசனை எழுந்தது. வெளி நிபுணர்கள் சோதித்ததில் அதுவும் இல்லையென்று தெரிந்தது. யந்திரம் ஏப்ரல் 7-ந் தேதி மீண்டும் உபயோகத்துக்கு வந்தது. நான்கே நாட்களில், ஏப்ரல் 11-ல், அதே அம்மையார், அதே திருத்தம், அதே கோளாறு 54. இரண்டாவது நோயாளி மே மாதம் முதல் தேதி இறந்தார்.

இங்கேதான் வரலாறு திரும்புகிறது. ஆஸ்பத்திரியின் பௌதிக நிபுணர் யந்திரத்தை உடனே நிறுத்தினார். பிறகு அவர் கம்பெனியின் பதிலுக்காகக் காத்திருக்கவுமில்லை, ஊழியரைக் குற்றவாளியாக்கவுமில்லை. அந்த அம்மையாரையே பக்கத்தில் வைத்துக்கொண்டு, அன்று செய்தவற்றை அவர் நினைவிலிருந்தபடியே, ஒன்றும் விடாமல் திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னார். பல தடவை பயனில்லை. முடிவில் விஷயம் புலப்பட்டது. எதைத் தட்டுகிறோம் என்பதில் மட்டுமல்ல, எவ்வளவு வேகமாகத் தட்டுகிறோம் என்பதிலும் ரகசியம் இருந்தது. வேகமாகத் திருத்தினால் கோளாறு 54 கூப்பிட்டவுடன் வந்தது. மெதுவாகத் திருத்தினால் வரவேயில்லை. கம்பெனியின் இஞ்சினீயரும் முதலில் முயன்று தோற்று, வேகத்தின் ரகசியத்தைக் கேட்டறிந்த பிறகே அதைக் கண்ணாரக் கண்டார். அளந்து பார்த்ததில் 25,000 ராட் பாய்வது தெரிந்தது.

காரணம் பின்னர் தெளிவாயிற்று. முறையைக் குறிக்கும் எழுத்தைத் தட்டியவுடன் யந்திரம் தன் காந்தங்களை அதற்கேற்பச் சரிசெய்யத் தொடங்கும். இதற்குச் சுமார் 8 விநாடி பிடிக்கும். அதற்குள் ஒருவர் திருத்தம் செய்து முடித்துவிட்டால், கட்டளைகளின் ஒரு பகுதி அதைக் கவனிக்கும். மற்றொரு பகுதி கவனிக்காது. தட்டு எலெக்ட்ரான் நிலைக்குப் போய்விடும். பாய்ச்சலின் வலுவோ எக்ஸ்ரே அளவிலேயே நிற்கும். நிதானமாக விசைகளைத் தட்டிச் சோதித்த இஞ்சினீயர்களுக்கு இது தென்படாததில் வியப்பென்ன? தினந்தோறும் வேலை செய்து கை பழகிய ஊழியருக்கே அது அகப்படும்.

தேடும் நெறி

இவ்வரலாற்றிலிருந்து பிழை தேடும் நெறியை நாம் வகுத்துக்கொள்ளலாம். முதலாவது, பாதிக்கப்பட்டவரின் சொல்லைச் சாட்சியமாக ஏற்றுப் பதிவு செய்தல். எந்நாள், எந்நேரம், யார், எதை, எவ்வரிசையில் செய்தார் என்பதை விடாமல் எழுதவேண்டும். இரண்டாவது, பிழையை நம் விருப்பப்படி திரும்ப நிகழ்த்திக் காட்டுதல். இது கைகூடும் வரையில் காரணத்தைப் பற்றிய பேச்செல்லாம் ஊகமே. ஒரு முறை முயன்றேன், தோன்றவில்லை என்பது பிழை இல்லை என்பதற்குச் சான்றாகாது.

மூன்றாவது, சந்தேக எல்லையைப் பாதி பாதியாகக் குறைத்தல். நேற்று வரையில் சரியாக இருந்த மென்பொருளில் ஆயிரம் மாற்றங்கள் நுழைந்தபின் ஒரு பிழை தோன்றியதாக வைத்துக்கொள்வோம். ஆயிரத்தையும் வரிசையாகப் பார்க்கவேண்டுவதில்லை. நடுவிலிருக்கும் நிலையைச் சோதித்தால் குற்றம் முன்பாதியிலா பின்பாதியிலா என்பது தெரியும். மறுபடியும் பாதி, மறுபடியும் பாதி. பத்தே சோதனையில் குற்றவாளி அகப்பட்டுவிடுவான். இன்று மென்பொருள் எழுதுவோர் பெரிதும் வழங்கும் ‘கிட்’ என்ற பதிவு முறையில் இதற்கெனவே ஒரு கட்டளை இருக்கிறது.

நான்காவது, ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுதல். இன்னது காரணமானால் இன்னது நிகழவேண்டும் என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டுச் சோதிக்கவேண்டும். நிகழாவிட்டால் அவ்வெண்ணத்தைக் கைவிடும் நேர்மை வேண்டும். ஐந்தாவது, விளைவை மறைக்காமல் வேரைக் களைதல். டைலரில் உண்மை வெளியான பின்பும் கம்பெனியார் முதலிற் செய்த பரிகாரம் என்ன? பின்னே செல்லும் விசையின் தலையைக் கழற்றிவிட்டு, அடியிலுள்ள தொடர்பின்மேல் நாடாவை ஒட்டிவிடும்படி ஆஸ்பத்திரிகளுக்கு எழுதினார்கள்! அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இது போதாதென்று கண்டித்து, யந்திரம் குறைபாடுடையதென்று 1986 மே மாதத்தில் அறிவித்து, முழுமையான பரிகாரத் திட்டத்தைக் கோரிற்று.

ஆறாவது, ஒரு பிழை அகப்பட்டதும் தேடுதலை நிறுத்திவிடாமை. 1987 ஜனவரி 17-ல் யாகிமாவில் மீண்டும் ஒரு நோயாளி அளவுக்கு மீறிய கிரணத்துக்கு இரையானார். இம்முறை காரணம் வேறு. தட்டின் நிலையைச் சோதிக்கவேண்டும் என்பதற்கு அடையாளமாக ஓர் எண்ணை ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று கூட்டி வந்தார்கள். அதற்கு ஒதுக்கிய இடத்தில் 255-க்கு மேற்பட்ட எண் கொள்ளாது. ஆகவே 256-வது சுற்றில் அது பூஜ்யமாகிவிடும். பூஜ்யமென்றால் சோதிக்கவேண்டாம் என்று பொருள். அதே க்ஷணத்தில் ஊழியர் விசையை அழுத்தினால் காவலின்றிக் கிரணம் பாயும். கூட்டுவதற்குப் பதிலாக, பூஜ்யமல்லாத நிலையான ஓர் எண்ணை வைத்தால் போதும், பிழை ஒழிந்தது. இத்தனை அற்பமான திருத்தம் முன்னமே செய்யப்பட்டிருந்தால் ஓர் உயிர் பிழைத்திருக்கும். அதன் பின்னரே, மென்பொருளை நம்பியிராத தனிப் பூட்டுகள் யந்திரத்தில் சேர்க்கப்பட்டன.

ஏழாவதாகச் சொல்லவேண்டியது, திருத்திய பிழை மீண்டும் தலைகாட்டாதபடி அதற்குரிய சோதனையை நிரந்தரமாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் நடத்துதல். இதனோடு, அதே கட்டளைகள் வேறெங்கு வழங்குகின்றன என்றும் பார்த்தல் வேண்டும். டைலரில் கண்ட பிழை பழைய தேராக் 20-லும் இருந்ததென்று சிகாகோவில் பின்னர் தெரிந்தது. அங்கே அது யாரையும் கொல்லவில்லை. மின்சாரப் பூட்டுகள் தடுத்தன, பியூஸ்கள் எரிந்துபோயின. ஏன் எரிகின்றன என்று யாரும் துருவிக் கேட்கவில்லை. பழைய யந்திரம் பல வருஷம் ஒழுங்காக ஓடியது என்ற பெருமையை மென்பொருளுக்குக் கொடுத்தார்கள். காத்து நின்றவையோ பூட்டுகள். ஆறு விபத்துக்கள் நடந்து, குறைந்தது மூன்று உயிர்கள் பலியான பிறகே இவை யாவும் வெளிச்சத்துக்கு வந்தன.

கோர்ட்டிலும் அதே பிடிவாதம்

இது பழங்கதை, இப்போது யாவரும் திருந்திவிட்டனர் என்று கூறுவாரும் இருப்பர். அவர்கள் பிரிட்டிஷ் தபாலாபீஸ் வழக்குகளைப் பார்ப்பார்களாக. அங்கே கிளைத் தபாலாபீஸ்களின் கணக்குக்காக 1999 முதல் ‘ஹொரைஸன்’ என்ற மென்பொருள் புகுத்தப்பட்டது. அது காட்டிய பற்றாக்குறையை ஆதாரமாகக் கொண்டு 2015 வரையில் 900-க்கும் மேற்பட்டோர் திருட்டு, பொய்க்கணக்கு முதலிய குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர், பலர் சொத்திழந்தனர், மானமிழந்தனர். கணக்கு தவறு என்று முறையிட்டவர்களில் பலருக்கு, “உங்களைத் தவிர வேறு யாரும் இப்படிச் சொல்லவில்லை” என்ற பதில் கிடைத்ததாகச் சாட்சியங்கள் கூறுகின்றன. டைலர் ஆஸ்பத்திரிக்குக் கிடைத்த பதிலும் இதுவேயல்லவா?

மறுப்புக்கு ஆதாரம் காட்டப்படும் வரையில் கம்ப்யூட்டர் சரியாகவே வேலை செய்ததாகக் கொள்ளவேண்டும் என்பது அங்குள்ள கோர்ட்டுகளின் கொள்கையாக இருந்தது. ஆதாரமாகிய பதிவுகளோ எதிர்க்கட்சியின் கையில். சாமானியர் எதைக் காட்டுவார்? பல வருஷப் போராட்டத்துக்குப் பின்னர், 2019 டிஸம்பரில், அந்த மென்பொருளில் பிழைகள் இருந்தன என்று ஹைகோர்ட்டு தீர்ப்பளித்தது. 2024-ல் பார்லிமெண்டே சட்டம் இயற்றித் தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்யவேண்டியதாயிற்று. பிழை இருக்கிறதா என்று ஆரம்பத்திலேயே நெறிப்படி தேடியிருந்தால் இந்த அநீதி இவ்வளவு பெருகியிராது.

நமது கடமை

நாம் யந்திரங்களுக்கு விரோதியல்ல. தேராக் 25 டைலரில் மட்டும் இரண்டு வருஷத்தில் ஐந்நூறு பேருக்கு மேல் சிகிச்சை செய்திருந்தது. கிரண சிகிச்சை இன்றும் உலகெங்கும் எண்ணற்ற உயிர்களைக் காத்து வருகிறது. பிழை செய்தவரைக் கழுவேற்ற வேண்டும் என்பதும் நமது வாதமன்று. பிழை கூறுவோரைத் தண்டித்தால் அடுத்த பிழையை எவரும் வெளியே சொல்லமாட்டார்கள். டைலர் ஊழியர் பயந்து வாய் மூடியிருந்தால் உண்மை இன்னும் எத்தனை காலம் புதைந்து கிடந்திருக்குமோ!

நாம் வற்புறுத்துவது வேறு. பிரஜைகளின் உணவு, பணம், உடல்நலம், மானம் இவற்றின்மீது அதிகாரம் செலுத்தும் எந்த மென்பொருளைப் பற்றியும் சில கேள்விகளைக் கேட்க நமக்கு உரிமையுண்டு. தவறு நேர்ந்தால் முறையிட மனிதர் ஒருவர் இருக்கிறாரா? முறையீடு பதிவாகிறதா? ஓரிடத்து முறையீட்டை வேறிடத்தார் அறிய வழியுண்டா? பிழையைத் திரும்ப நிகழ்த்திப் பார்க்க முயன்றார்களா, அல்லது நடக்கவே முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்களா? திருத்தினோம் என்பவர்கள் காரணத்தைக் காட்டுகிறார்களா? மென்பொருள் தவறினாலும் காத்து நிற்கும் வேறொரு பூட்டு உண்டா?

இவற்றைக் கேட்பதற்குக் கணித சாஸ்திரம் படித்திருக்கவேண்டிய அவசியமில்லை. சாட்சியைக் கேளாமல் தீர்ப்புக் கூறலாகாது என்ற பழைய நியாயம் தெரிந்திருந்தாற் போதும். அடுத்த முறை ஓர் ஏழை, கம்ப்யூட்டர் தன்னைப் பற்றித் தவறாகச் சொல்லுகிறது என்று நம்மிடம் வந்து நின்றால், அவர் கூறும் நாளையும் நேரத்தையும் முதலில் எழுதிக்கொள்வோமாக. பிழை தேடும் வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது.